பார்ட்டிசிபிள் கிளாஸ் புரியணுமா, முதல்ல நம்ம எச்சத்தைப் பாருங்க

ஐஎன்ஜி, ஹேவிங், ரிட்டன் மாதிரி வினை வடிவத்தை வச்சு அமையுற இங்கிலீஷ் துணை வாக்கியம்தான் பார்ட்டிசிபிள் கிளாஸ் (clause, வகுப்பு இல்லீங்க). அதுன்னதும் நிறைய பேர் ரூல மனப்பாடம் பண்ண உக்காந்துடுறாங்க, அது வேணாம்ங்க, ஸ்கூல்ல படிச்ச வினையெச்சம் பெயரெச்சம் ரெண்டும் பண்ற வேலையத்தான் இதுவும் பண்ணுது.

"வேலைய முடிச்சுட்டு வீட்டுக்குப் போனா", இதுல வர்ற "ட்டு" தான் ஹேவிங்: ஹேவிங் ஃபினிஷ்ட் த ஒர்க், ஷீ வென்ட் ஹோம். "பாட்டு கேட்டுகிட்டே சமைச்சான்", இந்த "கிட்டே" ஐஎன்ஜி: ஹீ குக்ட், லிஸனிங் டு மியூசிக். "வழி தெரியாம" நாட் நோயிங் த வே, நாட் எப்பவும் அந்த ஐஎன்ஜி வினைக்கு முன்னாடி.

இப்போ எல்லாரும் சறுக்குற இடம். வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட். இது தப்பு, ஏன்னா நடந்தது நான், ஆரம்பிச்சது மழை. கமாவுக்குப் பின்னாடி எது எழுவாயோ அதுதான் முன்னாடி உள்ள வேலையையும் செஞ்சிருக்கணும். "செய்து"ங்கற வாய்பாட்டு எச்சம் (முடிச்சு, கேட்டு மாதிரி) அதே வினைமுதலோட, அதாவது அதே வேலையச் செஞ்சவரோட, வினையிலதான் முடியும்னு தொல்காப்பியமே சொல்லுது, அதனால இது நமக்குப் புதுசில்ல. சரியா எழுதணும்னா வைல் ஐ வாஸ் வாக்கிங்னு ஆளைச் சொல்லிடுங்க. ஒரு எச்சரிக்கை, "மழை பெஞ்சு ரோடெல்லாம் தண்ணி"ன்னு நாம தாராளமா சொல்லுவோம், அந்தப் பழக்கத்துல ரெய்னிங் ஹெவிலி, த ரோட் வாஸ் ஃப்ளடட்னு எழுதிடாதீங்க, அங்க பிகாஸ் போட்டு முழுசா எழுதுங்க.

பெயரெச்சத்துல வேற சிக்கல் இருக்கு, எனக்கு இது பிடிபடவே ரொம்ப நாள் ஆச்சு. "அப்பா எழுதின லெட்டர்", "லெட்டர் எழுதின அப்பா", ரெண்டுக்கும் நமக்கு ஒரே "எழுதின" போதும், ஆனா இங்கிலீஷ் ஆளா பொருளான்னு பிரிச்சுப் பாக்கும். லெட்டர் எழுதப்பட்ட பொருள், அதனால த லெட்டர் ரிட்டன் பை மை ஃபாதர். பில்ட் இன் 1889, த ஐஃபில் டவர் ஸ்டாண்ட்ஸ் இன் பாரிஸ், இதுவும் அதே கணக்கு, டவர் கட்டப்பட்டது. ஆளு பக்கம் வந்தா த மேன் ரைட்டிங் த லெட்டர், ஆனா அதுக்கு "எழுதிகிட்டிருக்கிற ஆளு"ன்னுதான் அர்த்தம் வரும். எழுதி முடிச்ச ஆளைச் சொல்லணும்னா இங்க பார்ட்டிசிபிள் உதவாது, த மேன் ஹூ ரோட் த லெட்டர்னே எழுதிடுங்க.