டிரம்மை எடுத்து டிஸ்க் மாட்டும்போது: பழைய ராணுவ ஜீப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லிஸ் எம்.பி., எம்38 போன்ற பழைய ராணுவ ஜீப்புகளுக்கு வந்தது 9 அங்குல டிரம் பிரேக். ஓடையில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிரேக்கே பிடிக்காது. அதனால் முன் அச்சுக்கு டிஸ்க் போட நினைப்பது நியாயம்தான். புதிதாக இறங்குகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கூத்தெல்லாம் வரிசை மாறாமல் நடக்கிறது. நட்டை இறுக்குங்கள், பேடில் கிரீஸ் படக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். காரணம், முதல் ஓட்டத்தில் வண்டி அருமையாக நிற்கும்.

பெடலை மிதித்தால் லைனுக்குள் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கானதற்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுவரோடு ஒட்டியிருந்து காற்றை உள்ளே விடாமலிருக்க இந்த ஏற்பாடு. டிரம்மில் ஷூவை இழுத்துக்கொள்ள முரட்டு ஸ்பிரிங் இருப்பதால் தொந்தரவில்லை. டிஸ்கைப் பேடால் கவ்வும் காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர சீல் நெளிந்து திரும்பும் அந்தத் துளி அசைவுதான் பேடை விலக்குகிறது. இரண்டரை அங்குல பிஸ்டன் மேல் 10 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 22 கிலோ. சீல் எங்கே திரும்பும்? பேடு உரசிக்கொண்டே ஓடும்.

ஒருவர் கொண்டுவந்த ஜீப்பில் முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்திருந்தன. காலிப்பர் மட்டமானது என்று முடிவுகட்டி, ஒரு ஜோடியை மாற்றிவிட்டு அடுத்ததையும் வாங்கி வைத்திருந்தார். ஜாக்கியில் தூக்கினோம், சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியவில்லை. காலிப்பரில் காற்றை வெளியே எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று திறந்ததும் ஆயில் சுர்ரென்று பீய்ச்சியது, சக்கரம் லேசாகிவிட்டது. அப்படியென்றால் காலிப்பரில் கோளாறில்லை, அழுத்தம் லைனில் மாட்டிக்கிடக்கிறது. பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடுக்கு பிளே (சிறு இடைவெளி) இல்லாவிட்டாலும் இதே அறிகுறி வரும், அதை முதலில் பாருங்கள். இவருக்குப் பிளே சரியாகவே இருந்தது. சிலிண்டரைப் பிரித்தால், வால்வு பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது!

சரி, வால்வைப் பிடுங்கிப் போட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. இந்த ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. காலிப்பர் அதைவிட உயரத்தில் இருந்தால், நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் பின்வாங்கி, முதல் மிதி ஆழத்துக்குப் போகும். டிஸ்க் லைனில் தனியாக 2 பி.எஸ்.ஐ. வால்வு போடுங்கள். பின்னால் டிரம் தொடர்ந்தால் அந்த லைனுக்கு 10 பி.எஸ்.ஐ. வேண்டும். இவ்வளவு கை வைக்கிறவர்கள், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கே போய்விடலாம். பழையதில் ஒரு குழாய் ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

பெடல் கனம்

டிரம் ஷூ சுழற்சியிலேயே கொஞ்சம் தானாக இறுகும். டிஸ்குக்கு அது கிடையாது, அதனால் பெடல் கனக்கும். கனத்தைக் குறைக்கப் பெரிய துளை மாஸ்டர் சிலிண்டர் வாங்குகிறார்கள். கனம் கூடத்தான் செய்யும். சிறிய துளைதான் அழுத்தம் தரும், ஆனால் பெடல் அதிக தூரம் போகும்; அல்லது மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேண்டும்.

நிப்பிள்

காலிப்பரின் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று வெளியேறாது. கீழே இருந்தால் காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

ரிம்

காலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா என்று, அதைத் தாங்கும் பிராக்கெட்டை வெட்டுவதற்கு முன்பே சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

ஹோஸ்

ஹோஸின் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது அளக்காதீர்கள். சக்கரம் முழுசாகத் தொங்க வேண்டும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும்.

பிரேக் ஆயில்

அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிக்கான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5க்கு மாறியது. உங்கள் வண்டியில் ஊதா நிற ஆயில் இருந்தால் அதுவாக இருக்கலாம். டாட் 3, டாட் 4 எதையும் அதோடு கலக்காதீர்கள். டாட் 5.1ம் அவற்றைப் போலவே கிளைக்கால் வகைதான், சிலிக்கான் இல்லை, எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.