தெருவுல ராத்திரி ரோந்து சுத்தப் போறீங்களா, முதல்ல இதப் படிச்சிட்டுப் போங்க

மதுரை ஆனையூர் பக்கம் எங்க ஏரியாவுல ரெண்டே மாசத்துல மூணு பைக் காணாம போச்சு, அதுக்கப்புறம்தான் நாமளே ராத்திரி சுத்தி வருவோம்னு பேசி ஆரம்பிச்சோம். இப்ப அங்குட்டு இங்குட்டு நிறைய பேரு எப்படிப் பண்றதுன்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

முதல் வேலை ஸ்டேஷனுக்குப் போறது. யார் யாரு சுத்துவாங்க, அவங்க போன் நம்பர் என்ன, எந்தத் தெரு, எத்தன மணிக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி இன்ஸ்பெக்டர் கையில குடுத்துருங்க, இல்லேன்னா ரோந்து போலீஸ் உங்களையே நிறுத்தி விசாரிப்பாங்க. அடையாள அட்டை, யூனிபார்ம், லத்தி எதுவும் வேணாம். போலீசுக்கு உதவியா பொதுமக்கள் சேந்து வேலை செய்யுறதுக்குன்னு 1993ல ராமநாதபுரத்துல ஆரம்பிச்ச பிரெண்ட்ஸ் ஆப் போலீஸ் அமைப்ப, 2020ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் காவல்ல அடிபட்டுச் செத்ததுல அந்த அமைப்பு ஆளுங்க மேலயும் புகார் வந்ததுக்கு அப்புறம் அரசாங்கமே தடை பண்ணுச்சு, அதனால போலீஸ்காரங்க மாதிரி யாரையும் மிரட்டுற வேலை நமக்கு வேணவே வேணாம். ரெண்டு ரெண்டு பேரா போங்க, டார்ச், விசில், ஒரு நோட்டு, பேனா போதும்.

ஆரம்பத்துல எங்க பசங்க விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு பெரியவரை நிறுத்தி மூட்டைய அவுக்கச் சொல்லிட்டாங்க, பாத்தா உள்ள மல்லிகைப்பூ, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிட்டு இருந்தவரு. பாவம் கை நடுங்குச்சு அவருக்கு. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டோம். இது தூங்கா நகரம், ராத்திரி நடமாடுறவங்க எல்லாம் திருடங்க இல்ல, ஆளப் பாத்து சந்தேகப்படாதீங்க, என்ன செய்றாங்கன்னு பாருங்க. பூட்டுன வீட்டு கேட்ட ஆட்டிப் பாக்குறது, நிறுத்தி வச்ச வண்டி ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்குறது, அதான் கவனிக்க வேண்டியது.

பாத்தத அப்பவே எழுதணும். "சந்தேகமா ரெண்டு பேரு"ன்னு எழுதுனா யாருக்கும் உபயோகம் இல்ல. "2.40 மணி, பிள்ளையார் கோயில் முக்கு, கருப்பு பல்சர், நம்பர் பிளேட் மடக்கியிருந்துச்சு, பின்னாடி உக்காந்தவன் இடது கையில கட்டு, மெயின் ரோட்டுப் பக்கம் போனாங்க", இப்படி இருந்தாதான் கேமரால தேட முடியும். உடனே 100க்கோ 112க்கோ அடிங்க, இடத்த முதல்ல சொல்லுங்க, லைன் கட்டானாலும் வண்டி கிளம்பிரும்.

துரத்தாதீங்க. கண் முன்னாடி திருடுனவன சாதாரண ஆளும் பிடிக்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். அப்படி மாட்டுனாலும் உக்கார வச்சு தண்ணி குடுங்க, ஒரு அடி கூட விழக்கூடாது, கூட்டம் அடிச்சு ஒரு உயிர் போச்சுன்னா திரும்ப வராது, அந்தக் கேஸும் நம்ம மேலதான்.

பறிகொடுத்தவங்க கூட புகார் குடுக்க ஒருத்தர் கட்டாயம் போங்க. வாய்ல சொல்லிட்டு வந்துறாதீங்க, புகார் வாங்குனதுக்குக் குடுக்குற சி.எஸ்.ஆர் ரசீது வாங்குங்க, வண்டித் திருட்டு மாதிரின்னா எப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) போடணும், காப்பி இலவசம். 2024 ஜூலை 1லேர்ந்து புதுச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 173ம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது. போட மாட்டேன்னா புகார எஸ்.பி.க்கு, சிட்டிக்குள்ளன்னா கமிஷனர் ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி அந்த ரசீதப் பத்திரமா வைங்க. பணம் ஆன்லைன்ல போச்சுன்னா மட்டும் ஸ்டேஷனுக்கு ஓடுறதுக்கு முன்னாடி சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க.

ஊருக்குப் போறவங்க வீட்டப் பூட்டிட்டுப் போறத ஸ்டேஷன்லயும் சொல்லணும் நம்மகிட்டயும் சொல்லணும். சித்திரைத் திருவிழால அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்குத் தெருவே காலியாயிரும், அன்னைக்கு ராத்திரி நாலு பேராவது இருந்தே ஆகணும், யாருக்கும் மனசு வராதுதான், அதனால போன வருசம் தெருவுல இருந்தவங்கள இந்த வருசம் அழகரைப் பாக்க அனுப்பிட்டு மத்தவங்க நிப்போம்.