உப்புச் சாலையிலிருந்து காரைக் காப்பது எப்படி?

டொராண்டோவில் சாலைப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து காரின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளிலும் படிந்து, இரும்பு துருப்பிடிக்கும் வேகத்தைப் பெரிதும் கூட்டிவிடுகிறது. ஆகவே இலையுதிர் காலத்திலேயே அடிப்பாகத்தைக் கழுவி, நன்றாக உலர்த்தி, துருத்தடுப்பு எண்ணெய் பூசச் செய்யுங்கள். அப்போது கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள சிறு வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம், ஏனெனில் வெளியேற வழியின்றித் தேங்கும் உப்புநீர் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். கல் தெறித்து வண்ணம் பெயர்ந்த இடம் மிளகளவே இருந்தாலும் உடனே பூசி மூடுங்கள்.

குளிர்காலம் முழுவதும், வெப்பநிலை 0 பாகைக்கு மேல் ஏறும் நாள்களில், அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். உப்பு அப்பிய காரை வெதுவெதுப்பான கராஜில் நிறுத்தினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், உறைந்திருந்த உப்புப்பனி அங்கே உருகுவதால் அரிப்பு விரைவடைகிறது.