கவுன்டி போர்டு முன்னால் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போர்டு மீட்டிங்குக்கு ஒரு தமிழ்த் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பேச வேண்டியதை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு மதியம் வரை காத்திருந்தார்கள். அவர்கள் பேச வந்த விஷயம் மீட்டிங் தொடங்கிய கால் மணி நேரத்திலேயே முடிந்துபோனது அவர்களுக்குத் தெரியாது. ஏழு வருடத்துக்கு முன்னால் அதே மைக் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு. இங்கே 58 கவுன்டிகள். சான் பிரான்சிஸ்கோவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட போர்டுதான் முடிவெடுக்கும். அந்த முடிவை மக்கள் முன்னிலையில், மக்கள் பேசுவதைக் கேட்டு எடுக்க வேண்டும் என்பது 1953-இல் வந்த பிரவுன் சட்டம். நேரத்துக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதை எல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசல் மாறிப் போவது

வீடு ஒரு நகர எல்லைக்குள் இருந்தால் ரோட்டுப் பள்ளமும் தெருவிளக்கும் சிட்டி கவுன்சில் வேலை. எந்த நகரத்திலும் சேராத பகுதி என்றால்தான் அது கவுன்டியிடம் வரும். பள்ளிக்கூட விஷயத்துக்கு ஸ்கூல் போர்டு தனி.

கன்சென்ட் காலண்டரைப் படிக்காமல் போவது

இந்த ஒரு தவறை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

எங்கள் வீடு எந்த நகரத்திலும் சேராத பகுதியில் இருக்கிறது. ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போக, பிள்ளைகள் ஒரு வளைவில் ரோட்டைக் கடக்க வேண்டும். அங்கே கிராஸ்வாக் கிடையாது. அந்த ரோட்டுக்குப் புதுத் தார் போடப் போகிறார்கள், அதற்கான பிளான் போர்டுக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எப்படியும் கோடுகளைப் புதிதாகப் போடுவார்கள், அதோடு கிராஸ்வாக்கையும் சேர்க்கச் சொல்லலாம் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அஜெண்டாவில் அது 34-ஆவது. முதல் சில விஷயங்களுக்கே இவ்வளவு நேரம் ஆகிறதே, நம்முடையது மதியம்தான் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை மணிக்குக் கிளார்க்கிடம் போய், "34 எப்போது வரும்?" என்று கேட்டேன். அந்த அம்மா பக்கத்தைத் திருப்பி, பேனா முனையால் ஒரு தலைப்பைத் தொட்டுக் காட்டினார். கன்சென்ட் காலண்டர், அதாவது தனித்தனியாக விவாதிக்காமல் மொத்தமாக ஓட்டுப்போடும் பட்டியல். 18 முதல் 58 வரை அதற்குள் இருந்தன. காலையில் கொடி வணக்கம் முடிந்த கையோடு, 41 விஷயங்களும் ஒரே ஓட்டில் பாஸாகிவிட்டன. ஓட்டுக்கு முன்னால் தலைவர், "கன்சென்டில் யாராவது பேச வேண்டுமா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அது என்னைக் கேட்ட கேள்வி என்று எனக்குத் தெரியவில்லை.

டெண்டர் விட்டார்கள். கோடையில் தார் போட்டார்கள். பழைய கோடுகள் இருந்த இடத்திலேயே புதுக் கோடுகள் வந்தன. அப்புறம் கிராஸ்வாக்கைத் தனியாகக் கேட்க வேண்டியதாயிற்று. வண்டிகளை எண்ணினார்கள், ஆய்வு நடத்தினார்கள், அடுத்த பட்ஜெட் வரட்டும் என்றார்கள். மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்று வருடமும் தினமும் காலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவில் நின்றிருக்கிறேன்.

தகராறு இல்லாத விஷயம் என்று அதிகாரிகள் நினைப்பதெல்லாம் இந்தப் பட்டியலுக்குள் போய்விடும். அவர்களுக்கு அது வழக்கமான தார் வேலை. நமக்கு அப்படி இல்லை என்று நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். மனசு வேகிறதே தவிர, அவர்கள் எதையும் மறைக்கவில்லை. வழக்கமான மீட்டிங் என்றால் 72 மணி நேரம் முன்னதாக அஜெண்டாவை வெளியிட வேண்டும். செவ்வாய் காலை 9 மணி மீட்டிங்குக்குச் சனி காலை 9 மணிக்குள் வந்தாக வேண்டும். அது வந்ததும் உங்கள் தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கூடவே இருக்கும், அதிகாரிகள் எழுதிய ஸ்டாஃப் ரிப்போர்ட்டைத் திறந்து படியுங்கள். உங்கள் விஷயம் கன்சென்டில் இருந்தால், திங்கட்கிழமையே உங்கள் சூப்பர்வைசர் அலுவலகத்துக்கு எழுதி, அதைத் தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லுங்கள். அஜெண்டா எண்ணைக் குறிப்பிடாமல் எழுதாதீர்கள். அவர் எடுக்காவிட்டாலும் அந்த ஓட்டுக்கு முன்னால் உங்களுக்குப் பேச உரிமை உண்டு. மீட்டிங் தொடங்கும்போதே நாற்காலியில் இருங்கள்.

பதில் வரும் என்று மைக் முன்னால் நிற்பது

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தையும் பொதுப் பேச்சு நேரத்தில் பேசலாம். ஆனால் அன்றைக்கு அதை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டம் அவர்களை விடாது. சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்வார்கள், அல்லது அதிகாரியைப் பார்க்கச் சொல்வார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு கோபப்பட வேண்டாம். அதை அஜெண்டாவில் சேருங்கள் என்று கேட்டுவிட்டு, மறுநாள் போன் செய்யுங்கள்.

இருபது பேரும் ஒரே பேச்சைப் பேசுவது

ஒரு விஷயத்துக்கு மொத்தமாக இவ்வளவு நேரம்தான் என்று போர்டு வரம்பு வைக்கலாம். கூட்டம் சேர்ந்ததும் ஆளுக்கு இருந்த மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகக் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு விஷயமாகப் பிரித்துக்கொண்டு போங்கள். ஒரு நிமிடத்துக்கும் ஒரு பேச்சு தயாராக இருக்கட்டும்.

நிலம், கட்டட விஷயத்தை வாயோடு விடுவது

இதுபோன்ற ஹியரிங் பெரும்பாலும், நிலம், கட்டட விஷயங்களை முதலில் பார்க்கும் பிளானிங் கமிஷனில் தொடங்கும். போர்டுக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிற்பாடு கோர்ட்டுக்குப் போனால், ஹியரிங்கில் யாராவது எழுப்பிய அல்லது அதற்குள் எழுதிக் கொடுத்த ஆட்சேபணைகளை மட்டும்தான் பேச முடியும் என்று தடுத்துவிடலாம். எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

இங்கிலீஷ் வராது என்று அம்மாவை வீட்டிலேயே விட்டுவருவது

அம்மா தமிழிலேயே பேசட்டும், நீங்கள் மொழிபெயர்க்கலாம். பேசப் பேசவே மொழிபெயர்ப்பைக் கேட்க உதவும் கருவி வசதி அங்கே இல்லை என்றால், மொழிபெயர்ப்போடு பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. பேசப் பெயர் கொடுக்கும் கார்டைக் கொடுக்கும்போதே கிளார்க்கிடம் சொல்லிவையுங்கள்.

வீட்டு முகவரியைச் சொல்வது

தேவையில்லை. எந்த டிஸ்ட்ரிக்ட் (சூப்பர்வைசரின் தொகுதி) என்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்ப்பார்.