யூதக் குடும்பம் தப்பிப் போகும் படக்கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் முறை

ஹிட்லர் காலத்தில் ஒரு யூதக் குடும்பம் ஊரை விட்டுத் தப்பிப் போகும் படக்கதை, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். அதற்குக் கீழே வேண்டாம். ஒரு தடவைக்கு 15 பேரை உட்கார வைத்தால் போதும். கூடினால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் தெரியாது. படம் தெரியாமல் இந்தக் கதை புரியாது. வாசிக்க 20 நிமிடம், பேச அரை மணி நேரம்.

முதலில் நீங்கள் மட்டும் புத்தகத்தைப் புரட்டி, ஸ்வஸ்திகம் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் அதைக் கல்யாணப் பத்திரிகையிலும் கடைக் கணக்கு நோட்டிலும் பார்த்து வளர்ந்தவர்கள். சொல்லாமல் விட்டால், கொடி பிடித்து வருகிறவர்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். சிவப்புத் துணி, நடுவே வெள்ளை வட்டம், அதற்குள் சாய்ந்து நிற்கும் கறுப்புச் சின்னம்: இது ஹிட்லரின் நாஜிக் கட்சியின் கொடி, நம் வீட்டு வாசலில் போடுவது வேறு. இதை வாசிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளை ஒன்று, “இயேசப்பாவச் சிலுவையில அறஞ்சவங்கதான டீச்சர்?” என்று கேட்கும். அதட்ட வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். அறைந்தது ரோமப் படை. இயேசுவும் மரியாளும் யூதர்கள். அந்தப் பழியை எல்லா யூதர் மேலும் போட்டதுதான் ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் வெறுப்பை வளர்த்த காரணங்களில் ஒன்று. காஸா செய்தி பார்க்கிற பிள்ளை வேறு மாதிரி கேட்கும். அதையும் பொறுமையாகக் கேளுங்கள். இந்தக் கதை நடந்தது 1930களில், இஸ்ரேல் நாடு உருவானது 1948இல் என்று காலத்தைப் பிரித்துக் காட்டுங்கள்.

“அவுக ஏன் முன்னாலயே போவல?” இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். போக நினைத்தாலும் இடம் கொடுக்க நாடு வேண்டும். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் இந்த அகதிகளைப் பற்றிக் கூடிப் பேசியும் பெரும்பாலான நாடுகள் கதவைத் திறக்கவில்லை. 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து 937 பேரோடு கியூபா போன செயின்ட் லூயிஸ் கப்பலில் 28 பேரைத்தான் இறங்கவிட்டார்கள். மற்றவர்கள் ஐரோப்பாவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு ரயிலேறிய பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர். படத்தில் பிள்ளையின் கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கினால் அந்தப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பேசுங்கள். சுவரில் ஒரு வரைபடம் வேண்டும். பெர்லினிலிருந்து, இந்தப் பிள்ளைகள் பிரிட்டனுக்குக் கப்பலேறிய நெதர்லாந்துத் துறைமுகம் வரை, ஏறத்தாழ நெல்லையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்.

யூதர் என்று அடையாளம் காட்டிய மஞ்சள் நட்சத்திரத்தில் இரண்டு விஷயம். ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் அதைச் சட்டையில் தைக்க வேண்டும் என்ற உத்தரவு 1941 செப்டம்பரில்தான் வந்தது. 1938இல் பெர்லினை விட்டுப் போகும் பிள்ளையின் சட்டையில் அது இருந்தால் படம் வரைந்தவர் தவறாக வரைந்துவிட்டார் என்று பொருள், சொல்லித் திருத்துங்கள். 1938 அக்டோபரிலிருந்து இருந்தது, கடவுச்சீட்டில் யூதர் என்பதைக் குறிக்கும் சிவப்பு ‘ஜே’ முத்திரை.

இரண்டாவது, நம் ஊர் சம்பந்தப்பட்டது. நிறம் பார்த்துச் சாதி சொல்லும் கைக்கயிறு பள்ளிக்கூடத்துக்குள் வந்த மாவட்டம் நம் நெல்லை. பிள்ளைகள் தாங்களாகவே அதை எடுப்பார்கள், எடுக்கட்டும். இங்கே தானாகக் கட்டிக்கொள்கிறார்கள், அங்கே சட்டம் போட்டுத் தைக்க வைத்தார்கள் என்ற வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு, நிறத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பது எதில் போய் முடியும் என்று அவர்களையே பேச விடுங்கள். எவன் கையில் என்ன கயிறு என்று நீங்கள் பார்க்கக் கூடாது.

நட்சத்திரம் வெட்டிக் குத்திவிடுவது, பாதிப் பேரைப் படைவீரராக நடிக்க விடுவது, இவை எதுவும் வேண்டாம். அன்றைக்கு யார் சட்டையில் அதைக் குத்துகிறோமோ, அந்தப் பெயர் வருஷக்கடைசி வரை அவனை விடாது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற பிள்ளை இருந்தால், “உங்க வீட்டுக் கதையச் சொல்லு” என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள்.

60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கொலை முகாம் படங்களைக் காட்ட வேண்டாம். முடிந்ததும் உடனே அடுத்த கதைக்குத் தாவாமல், வரைய வெள்ளைத்தாள் கொடுங்கள். புத்தகத்தை இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு எட்டும் தட்டிலேயே வையுங்கள். வாய் திறக்காத பிள்ளைகள் பிறகு தனியாக வந்துதான் எடுத்துப் பார்ப்பார்கள்.