ஸ்கேனருக்குப் பதில் வராதபோது: காரின் இன்ஜின் கணினித் தொடர்பை வீட்டிலேயே சோதிக்கும் முறை

கார் ஸ்கேனரைச் செருகியதும் 'இன்ஜின் கணினியுடன் தொடர்பு இல்லை' என்ற ஒற்றை வரி மட்டும் வந்தால், பழுது பார்ப்பவர்களில் பலர் உடனே சொல்லும் தீர்ப்பு 'ஈசியு (இன்ஜின் கணினி) போய்விட்டது' என்பதாகும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலையின் இருபுறமும் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்ஜின் கணினி பதில் சொல்லாமல் இருப்பதற்கு மின்சாரம் வராதது, எர்த் சரியில்லாதது, இடையிலுள்ள ஒயர் அறுந்தது அல்லது உரசியது, வேறொரு பாகம் தொடர்புக் கம்பியை முடக்கியது ஆகிய நான்கும் காரணமாகலாம். இவை நான்கையும் விலக்கிய பிறகே ஐந்தாவதாகக் கணினியைச் சந்தேகிக்க வேண்டும். மழையும் ஈரமும் எலியும் மிகுந்த நம் பகுதியில் இந்த வரிசைக்கு மேலும் வலுவான நியாயம் உண்டு.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகிக் கைபேசியுடன் இணைக்கும் சிறு ஸ்கேனரான ஓபிடி அடாப்டர், இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று, மெல்லிய ஊசிகள், டார்ச் விளக்கு ஆகியவை போதும். வண்டியின் ஒயரிங் படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைக் கணினியின் சிக்னல் ஒயர்களில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் நல்ல கணினியையும் கெடுத்துவிடும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் (ஒயர்களை இணைக்கும் பிளக்குகள்) பெரும்பாலும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை என்பதால் அவற்றைத் தொடாமல் விடவும்.

முதலில் இது உண்மையிலேயே கோளாறுதானா என்று பார்க்க வேண்டும். வண்டியின் புகை அளவையும் அதைக் கண்காணிக்கும் ஓபிடி முறையையும் வகுத்த பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010இல் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல்தான். ஆகவே அதற்கு முன் சிறு நகரங்களில் பதிவான பழைய வண்டிகள் சிலவற்றில் 16 துளைகள் கொண்ட சாக்கெட் இருந்தும், உள்ளே நிறுவனத்தின் சொந்த மொழி மட்டுமே இருக்கக்கூடும். அத்தகைய வண்டியில் பொதுவான கைபேசிச் செயலி பதில் பெறாதது பழுதாகாது. அடாப்டரைப் பக்கத்து வீட்டுக் காரில் செருகிப் பார்ப்பது மிக எளிய சோதனை. மலிவான போலி அடாப்டர்கள் ஏராளமாக விற்கப்படுவதால் இதைத் தவிர்க்கக் கூடாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண புளூடூத் அடாப்டர் இணையாது. வைஃபை வகையோ குறைமின் புளூடூத் வகையோ வேண்டும்.

சாவியை ஆன் செய்ததும் கவனிக்க வேண்டியவை

செல்ஃப் அடிக்காமல், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காது கொடுத்துக் கேட்கவும். பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பின் இருக்கைக்கு அடியிலிருந்து எரிபொருள் பம்ப் ஓரிரு விநாடி ஓடும் ஒலியும், பானெட்டின் உள்ளே மெயின் ரிலே (கணினிக்கு மின்சாரம் தரும் மின் சுவிட்ச்) 'டக்' என்று பிடிக்கும் ஒலியும் கேட்கும். இவை கேட்டால் கணினி விழித்திருக்கிறது என்றும், கோளாறு பெரும்பாலும் தொடர்பு ஒயரிலோ சாக்கெட்டிலோ உள்ளது என்றும் கருதலாம். இரண்டும் கேட்காமல், செக் இன்ஜின் விளக்கும் எரியாமல் இருந்தால் கணினிக்கு மின்சாரமோ எர்த்தோ போகவில்லை என்பதே முதல் சந்தேகம். ஆனால் விளக்கு எரிவதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்; இன்றைய வண்டிகளில் அந்த விளக்கை டேஷ்போர்டு மீட்டரே இயக்குவதால், இன்ஜின் கணினியிடமிருந்து தகவல் வராதபோதும் அது தானாக எரியக்கூடும்.

வண்டி கிளம்பி நன்றாக ஓடுகிறது, ஸ்கேனர் மட்டும் பேசவில்லை என்றால் கணினியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு நேராகச் சாக்கெட்டுக்குப் போகலாம்.

பேட்டரி, பியூஸ், சாக்கெட்

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல நிலை, 12.2க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றவும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழும் பேட்டரி, கணினியை அந்த நொடியில் மயக்கமடையச் செய்து, இல்லாத கோளாறுகளையெல்லாம் பதிவு செய்ய வைக்கும். வலுவற்ற பேட்டரியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதைச் சோதித்தாலும் அது வீண்.

டேஷ்போர்டின் அடியிலுள்ள ஓபிடி சாக்கெட்டின் அகன்ற பக்கம் மேலே இருக்குமாறு நேராகப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ் வரிசையில் 9 முதல் 16 வரையும் துளைகள் அமைந்திருக்கும். 16இல் பேட்டரி மின்சாரமும், 4இலும் 5இலும் எர்த்தும் இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் திணித்தால் உள்ளேயிருக்கும் பின் அகன்று, அதன் பிறகு ஸ்கேனர் நிரந்தரமாகப் பிடிக்காமல் போகும். ஆகவே மெல்லிய ஊசியையே பயன்படுத்தவும். 16இல் மின்சாரம் இல்லையென்றால் சிகரெட் லைட்டர் பியூஸைப் பார்க்கவும். பல வண்டிகளில் சாக்கெட்டுக்கும் லைட்டருக்கும் ஒரே பியூஸ்தான். மலிவான கைபேசி சார்ஜர் அந்தப் பியூஸை எரித்திருக்கும், நாமோ ஈசியுவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பியூஸ்களைக் கழற்றாமல், அவற்றின் தலையிலுள்ள இரண்டு சிறு உலோகப் புள்ளிகளிலும் மின்னழுத்தம் பார்ப்பதே சிறந்தது. ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் எதுவும் இல்லை என்றால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் இல்லையென்றால் அதற்கு முந்தைய ரிலேயையோ மெயின் பியூஸையோ பார்க்க வேண்டும்.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாக

சாரல் காலத்தில் வரும் தொடர்புக் கோளாறுகளில் எர்த்துக்குத் தனி இடம் தர வேண்டும். பலா மரத்தடியிலோ ரப்பர் தோட்ட ஓரத்திலோ நிறுத்தும் வண்டிகளில், வைப்பருக்குக் கீழேயுள்ள தட்டில் இலைகள் சேர்ந்து நீர் வெளியேறும் துளையை அடைத்துவிடும். தேங்கிய நீர் பியூஸ் பெட்டிக்கோ, காலடிப் பாயின் கீழேயுள்ள ஒயர்களுக்கோ இறங்கும். வெளியே துருப்பிடிக்காமல் பளபளக்கும் போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதை ஓம் அளவில் சோதிப்பதும் ஏமாற்றும். இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியுள்ள ஒயர் கூட மல்டிமீட்டருக்கு நல்ல ஒயராகவே தெரியும். ஆகவே மின்னோட்டம் பாயும்போதுதான் சோதிக்க வேண்டும். சாவியை ஆன் செய்து, ஹெட்லைட்டையும் காற்று விசிறியையும் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையை முதலில் சாக்கெட்டின் 4, 5 ஆகியவற்றிலும், பிறகு கணினிக் கப்ளரின் எர்த் ஒயரில் பின்பக்கமாகச் செருகிய ஊசியிலும் வைக்கவும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்தப் பாதையிலுள்ள எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசவும்.

கணினிக்கு வரும் மின்சாரத்தைச் சோதிக்க 21 வாட் பல்பு உதவும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுக் கணினியின் கப்ளரைப் பிரித்து, மீண்டும் பேட்டரியை இணைத்து, ஒயரிங் பக்கமுள்ள மின்சாரப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் பல்பைக் கொடுத்தால் அது பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை உள்ளது. இந்தச் சோதனையை அவ்விரு பின்களைத் தவிர வேறெதிலும் செய்யக் கூடாது. பல வண்டிகளில் மெயின் ரிலேயைக் கணினியே இயக்குவதால், கணினி பிரிந்திருக்கும்போது அந்த ரிலே வழியே வரும் ஒயரில் மின்சாரம் இல்லாதது இயல்பானதே.

60 ஓம்

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கேன் முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்களின் மீது இன்ஜின், பிரேக், மீட்டர் முதலிய கணினிகள் அனைத்தும் பேசுகின்றன. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் நிறுத்தாமல் கூச்சலிட்டால் மற்றவர் குரல் எடுபடாததைப் போல, ஒரு பாகம் கெட்டுக் கம்பியை முடக்கினால் அனைத்துக் கணினிகளும் மௌனமாகிவிடும். இந்த ஒயர்களின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று உண்டு. இணையாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டும்.

சாவியை எடுத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்த பின் சாக்கெட்டின் 6க்கும், அதற்கு நேர் கீழேயுள்ள 14க்கும் இடையில் ஓம் அளவைப் பார்க்கவும். 60 அளவில் இருந்தால் முதன்மைக் கம்பி முழுமையாக உள்ளது. 120 என்றால் ஒரு முனையின் மின்தடை துண்டிக்கப்பட்டுள்ளது. இன்ஜின் கணினியே பெரும்பாலும் ஒரு முனையாக இருப்பதால், அதற்குச் செல்லும் ஒயரை உடனே பார்க்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால் இரு ஒயர்களும் எங்கோ உரசுகின்றன. எண்ணே வராமல் இருந்தால் சாக்கெட்டுக்கு வரும் ஒயர் அறுந்துள்ளது. நடுவில் கேட்வே (தகவலை வாங்கிக் கடத்தும் இடைக் கணினி) உள்ள புதிய வண்டிகளில் சாக்கெட்டில் தெரியும் அளவு கேட்வே வரையிலான பகுதிக்கு மட்டுமே உரியது என்பதால், அங்கே இன்ஜின் கணினியின் கப்ளரிலேயே அளப்பது நல்லது.

பின்னர் பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு ஒயரையும் எர்த்துடன் சேர்த்து வோல்ட் பார்த்தால், 6இல் 2.5க்குச் சற்று மேலாகவும் 14இல் 2.5க்குச் சற்றுக் கீழாகவும் இருக்கும். இரண்டின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 5 ஆகும். ஒன்றில் 12 வோல்ட்டோ பூஜ்யமோ இருந்தால், அந்த ஒயர் மின்சாரத்துடனோ எர்த்துடனோ தொட்டுக்கொண்டுள்ளது. அப்போது மல்டிமீட்டரை வைத்தபடியே, சாவியை அணைத்து ஒவ்வொரு பாகத்தின் கப்ளரையும் பிரித்து, மீண்டும் ஆன் செய்து பார்க்க வேண்டும். எதைப் பிரித்ததும் அளவு சரியாகிறதோ அந்தப் பாகமோ அதன் ஒயரோதான் குற்றவாளி. பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ், அலாரம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே என் வழக்கம், ஏனென்றால் ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் அங்கேதான் இருக்கும். கேன் இல்லாத பழைய வண்டிகளில் 7ஆம் துளையின் ஒற்றை ஒயரே பேசும். அது கணினிவரை அறுபடாமலும் எர்த்தைத் தொடாமலும் உள்ளதா என்று பார்த்தால் போதும்.

எஞ்சிய இரண்டு

எலி கடித்த ஒயர்கள் பெரும்பாலும் இன்ஜினின் மேல்மூடிக்கு அடியிலும் ஏர் பில்டர் பெட்டியின் பின்னாலும் தென்படும்; சருகுக் கூடோ எலிப்புழுக்கையோ இருந்தால் அந்தப் பகுதியின் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்க்கவும்.

மற்றொன்று 5 வோல்ட் ஒயர். கணினி பல சென்சார்களுக்குப் பொதுவாக 5 வோல்ட் தருகிறது; ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் சில வண்டிகளில் கணினியே செயலிழந்தது போல் ஆகிவிடும். மூன்று ஒயர் கொண்ட சென்சார் ஒன்றின் கப்ளரைப் பிரித்து, சாவி ஆனில் அங்கே 5 வோல்ட் உள்ளதா என்று பார்க்கவும். இல்லையென்றால் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவும். ஒன்றைப் பிரித்ததும் 5 வோல்ட் திரும்பி, ஸ்கேனரும் பேசத் தொடங்கினால் மாற்ற வேண்டியது அந்தச் சிறு சென்சாரை மட்டுமே.

ஸ்கேனர் மற்ற கணினிகளுடன் பேசி, அவை யு0100 என்ற குறியீட்டைக் காட்டினால், இன்ஜின் கணினியிடமிருந்து தங்களுக்குத் தகவல் வரவில்லை என்று அவை சொல்கின்றன என்றே பொருள். அது கணினி செத்ததற்குச் சான்றன்று. மின்சாரம், எர்த், தொடர்பு ஒயர், 5 வோல்ட் ஆகிய அனைத்தும் கணினியின் கப்ளரிலேயே சரியாக இருந்தும் பதில் வராதபோதுதான் அதைக் கழற்றிக் கொடுக்கலாம். அப்போதும் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் தந்தால், அவர் அதே வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்து கூலி கேட்க வேண்டியிராது. பழைய கணினி ஒன்றை மலிவாக வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால், அது இந்த வண்டியின் சாவியையும் இம்மொபிலைசரையும் (திருட்டுத் தடுப்புப் பூட்டையும்) ஏற்குமாறு பதிவு செய்து தரப்படுமா என்பதைக் கேட்டு உறுதி செய்த பின்னரே பணம் கொடுக்கவும். பதிவு செய்யாத கணினியைப் பொருத்தினால் ஸ்கேனர் பேசும், வண்டி கிளம்பாது.