காயில் சுற்ற எந்தக் கம்பி? பலரும் சறுக்கும் இடங்கள்

இழை கூடினால் மேற்பரப்பு கூடும், மேற்பரப்பு கூடினால் மின்தடை குறையும். இந்தக் கணக்கை நம்பித்தான் 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோவுக்கான என் முதல் காயிலை (கம்பிச்சுருளை), வீட்டு வயரிங்கில் மீந்துபோன பல இழை ஒயரில் சுற்றினேன். டியூனிங் மந்தமாக இருந்தது. உச்சம் எங்கே என்றே பிடிபடவில்லை. அதே பிளாஸ்டிக் குழாயில் அதே எண்ணிக்கைச் சுற்றுகளை ஒற்றை எனாமல் கம்பியால் (மெல்லிய மின்காப்புப் பூச்சு உள்ள செம்புக் கம்பி) சுற்றியதும் கூர்மையாகப் பிடித்துக்கொண்டது.

என் கணக்கில் விட்டுப்போனது இழைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மின்காப்பு. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேல்தோலுக்கு ஒதுங்கிவிடும். செம்பில் அந்தத் தோலின் ஆழம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 9 மி.மீ., 100 கிலோஹெர்ட்ஸில் 0.21 மி.மீ., 7 மெகாஹெர்ட்ஸில் வெறும் 0.025 மி.மீ. அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் 1 மி.மீ. கம்பியின் செம்பில் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, மீதி சும்மா கிடக்கிறது. வீட்டு ஒயரில் இழைகள் ஒன்றையொன்று வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பதால், மொத்தக் கட்டும் ஒரே கம்பி போலத்தான் நடந்துகொள்ளும். அதுவும் மேடுபள்ளமான கம்பி. வெளிப்புறத்திலேயே ஓட விரும்பும் மின்னோட்டம், முறுக்கின் போக்கில் சுற்றி வளைத்துப் போக வேண்டும், இல்லையென்றால் இழைக்கு இழை தாவ வேண்டும். செம்பு கறுக்கக் கறுக்க அந்தத் தாவல் இன்னும் கடினமாகும். போதாததற்கு பிவிசி உறையும் உயர் அதிர்வெண்ணில் தன் பங்குக்கு ஆற்றலைத் தின்னும். வளைந்து கொடுக்கும் ஒயர் என்பதால் காயிலின் வடிவமும் நிலைக்காது. அதிர்வெண்ணை உருவாக்கும் ஆசிலேட்டர் சர்க்யூட்டில் இப்படி ஒரு காயில் இருந்தால் மேசையைத் தட்டினாலே அதிர்வெண் நகரும்.

சரி, ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி எனாமல் பூசிய லிட்ஸ் ஒயரை வாங்கிவிட்டால்? இங்கேதான் அடுத்த சறுக்கல். லிட்ஸ் அருமையான பொருள்தான், ஆனால் அதற்கென்று ஓர் எல்லை உண்டு. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் தோல் ஆழம் கிட்டத்தட்ட 0.08 மி.மீ. இழை 0.05 மி.மீ. என்றால் அதன் உள்செம்பு முழுவதும் வேலை செய்யும். மத்திய அலை ரேடியோவில் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) தண்டில் லிட்ஸ் சுற்றுவது இதனால்தான். இன்டக்‌ஷன் அடுப்பின் காயிலிலும் இதே யோசனைதான். ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் கதை மாறிவிடும். தோல் ஆழத்தைவிட மெல்லிய இழை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் இடத்தில் பெரும்பகுதியை எனாமலே அடைத்துக்கொள்ளும், இழைகளுக்கிடையே உள்ள மின்தேக்குத்திறன் (கெப்பாசிட்டன்ஸ்) வழியாக மின்னோட்டம் குறுக்கே கடந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலைக் (ஷார்ட்வேவ்) காயிலுக்குத் தடித்த ஒற்றைக் கம்பிதான் என் தேர்வு. அதையும் நெருக்கி அடுக்கக் கூடாது. பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தை ஓர் ஓரமாக நெருக்கிவிடும். சுற்றுகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு கம்பி அளவு இடைவெளி விடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (உயர் அதிர்வெண்ணில் ஸ்விட்ச் செய்து இயங்கும் பவர் சப்ளை) டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர்கள் 0.2 மி.மீ. எனாமல் கம்பிகளை வாங்கி, டிரில்லில் மாட்டித் தாங்களே முறுக்கிக்கொள்வதுண்டு. 100 கிலோஹெர்ட்ஸுக்கு அது போதுமானதுதான். ஆனால் ஏழு கம்பியை மொத்தமாக முறுக்கினால் ஒன்று கடைசிவரை நடுவிலேயே மாட்டிக்கொள்ளும், அதில் மின்னோட்டம் குறைவாகவே ஓடும். கயிறு திரிப்பது போல மும்மூன்றாக முறுக்கி, அந்தப் பிரிகளை மறுபடி முறுக்கினால் எல்லா இழையும் மாறி மாறி உள்ளேயும் வெளியேயும் வந்து போகும்.

மல்டிமீட்டரில் மின்தடை பார்த்துக் கம்பியைத் தேர்ந்தெடுப்பது வீண். அது காட்டுவது நேர்மின்னோட்டத்துக்கான கணக்கு. வெள்ளி முலாம் பூசிய கம்பிக்குப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். செம்பைவிட வெள்ளி சுமார் 6 சதவீதம்தான் மேலாகக் கடத்தும். வெள்ளீய முலாம் பூசிய கம்பியிடம்தான் எச்சரிக்கை தேவை. வெள்ளீயத்தின் தன்மின்தடை செம்பைப் போல ஆறேழு மடங்கு. சிற்றலையில் மின்னோட்டத்தின் கணிசமான பங்கு அந்தப் பூச்சிலேயே ஓட நேரிடலாம்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு முனையில் கோட்டை விடுபவர்கள் அதிகம். லிட்ஸின் நாற்பது இழைகளில் பத்தில் சால்டர் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பத்தும் இருந்தும் இல்லாததுதான். பிளேடால் சுரண்டினால் மெல்லிய இழைகள் அறுந்துபோகும். பாலியூரித்தேன் எனாமல் என்றால் 400 டிகிரி அளவில் சூடான சால்டரில் முனையை முக்கினாலே பூச்சு எரிந்து ஈயம் பிடித்துக்கொள்ளும். புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதலில் ஒரு முனையை மட்டும் பற்றவைத்துவிட்டு, மறுமுனை இழைகளைப் பிரித்து ஒவ்வொன்றின் நுனியையும் சூடான சால்டரில் தொட்டு எடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பற்றவைத்த முனையில் வைத்து, மறு முள்ளால் இழை இழையாகத் தொட்டுப் பாருங்கள். பீப் வராத இழை இருந்தால், முதல் முனையை வெட்டிவிட்டு மறுபடி முக்குங்கள்.